நீர் ஊட்டப்பட்ட துருவமா, தண்ணீர்க் கம்பா?

கண்ணாடி துடைக்கும் வேலைக்கு வந்திருக்கும் ‘வாட்டர் ஃபெட் போல்’ என்ற சாமானுக்கு விற்பனைக் குறிப்பு ஒன்றில் ‘நீர் ஊட்டப்பட்ட துருவம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதே சாமானுக்கு வேறொரு பாதுகாப்புக் கையேட்டில் ‘நீரூட்டு கம்பம்’ என்று இருக்கிறது. முதலாவதை மன்னித்துவிடலாம், அது மொழிபெயர்ப்பு மெஷின் செய்த வேலை. இரண்டாவது அப்படியில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, தூய தமிழில் ஆக்கிவிட்டோம் என்ற திருப்தியோடு எழுதியது. கொட்டேஷனில், பயிற்சி வகுப்பில், வாட்ஸப்பில் என்று அதே சொல் வந்துகொண்டே இருக்கிறது, இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி இழுத்து நீட்டும் நீளமான குழாய்க் கம்பு. உச்சியில் ஒரு பிரஷ். கம்போடு மெல்லிய ஹோஸ் ஒன்று மேலே போய் பிரஷ்ஷில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகத் தண்ணீரை விடும். தரையில் நின்றபடியே மூன்றாம் மாடிக் கண்ணாடியைத் தேய்த்து அலசலாம், ஏணி வேண்டாம், கயிற்றில் தொங்க வேண்டாம். கடைசியில் துடைக்கவும் வேண்டாம், அப்படியே காய விட்டுவிடலாம். ஏனென்றால் போகிற தண்ணீர் உப்பு முழுக்க எடுத்த தண்ணீர், காய்ந்தால் கறை விழாது. பிரிட்டனில் 2005-இல் உயரத்தில் வேலை செய்வது பற்றிய விதிகள் வந்தன, மேலே ஏறாமல் முடிக்கக்கூடிய வேலையை ஏறாமல்தான் முடிக்க வேண்டும் என்று ஆனது, அங்கே இது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் மதுரையில் பைபாஸ் ரோட்டிலும் கே.கே. நகரிலும் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் இதற்குத் தேவை வந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘போல்’ இரண்டு. ஒன்று லத்தீன் ‘பாலுஸ்’ வழியாக வந்தது, தரையில் அடிக்கும் முளை, கழி என்று பொருள். இன்னொன்று கிரேக்க ‘போலோஸ்’ வழியாக வந்தது, சுழலும் அச்சு, அதிலிருந்துதான் வடதுருவம், தென்துருவம் எல்லாம். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. மெஷின் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டதால் நம் பையன்கள் கையில் துருவம் வந்து சேர்ந்தது. ‘ஃபெட்’ என்பது ‘ஃபீட்’ என்ற வினையிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் சாப்பாட்டைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்ற சொல்லுக்கு உறவு. பிறப்பு அவ்வளவுதான், இதில் சண்டை எதுவும் இல்லை.

சண்டை ‘கம்பம்’ என்பதில் தொடங்குகிறது. கம்பம் என்றால் நட்டு வைத்தது. மின்கம்பம், கொடிக்கம்பம், வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு நடுகிற கம்பம். எல்லாம் மண்ணில் ஊன்றி நிற்பவை. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்கமாட்டார்கள். தூக்கிக்கொண்டு நடந்தால் அது கம்பு. சிலம்பம் ஆடுகிறவரைப் பார்த்து மதுரைப் பக்கம் ‘கம்பு சுத்துறாரு’ என்றுதான் சொல்வோம், ‘கம்பம் சுத்துறாரு’ என்று சொன்னால் ஈபி ஆபீசுக்குத்தான் போன் போடுவார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, கம்பத்துக்கு நடுக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு, பூகம்பத்தில் இருப்பது அதுதான். ஐம்பது அடிக்கு நீட்டிய கம்பின் நுனி காற்றில் ஆடுவதைப் பார்த்தவர்கள் அந்தப் பொருளிலாவது பெயர் சரிதான் என்று சொல்லலாம். கையேடு எழுதியவர் அதை நினைத்து வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

‘கம்பு என்றால் தானியம் என்று குழம்பாதா’ என்று ஒரு நண்பர் கேட்டார். யாரும் குழம்பியதில்லை. கம்பங்கூழ் குடித்துவிட்டு கம்பு ஊன்றி நடக்கிற கிழவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ‘ஊட்டு’. இதுதான் உண்மையான தலைவலி. உண் என்பதன் பிறவினை ஊட்டு. தாய் பிள்ளைக்கு ஊட்டுவாள், பாலூட்டும் விலங்கு பாலூட்டி. நினைவூட்டு, அச்சமூட்டு, நிறமூட்டு என்று விரிந்தபோதும் ஒன்று மாறவில்லை: ஊட்டப்படுவது வாங்கிக்கொள்கிறவரின் உள்ளே போய்த் தங்கும். நிறமூட்டிய துணியில் நிறம் இருக்கும், நினைவூட்டப்பட்டவரிடம் நினைவு இருக்கும். அப்படியானால் நீரூட்டிய கம்பு என்றால்? தண்ணீரில் ஊறிப்போன கம்பு. ஊறப்போட்ட மூங்கில்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. ‘நீரூட்டு கம்பம்’ என்று மாற்றினாலும் கம்பம் யாருக்கோ தண்ணீர் ஊட்டுகிறது என்றாகும், யாருக்கு, ஜன்னலுக்கா? ஜன்னல் குடிக்கவா செய்கிறது? உண்மையில் தண்ணீர் இந்தக் கம்பு வழியாக மேலே போகிறது, கண்ணாடியில் விழுந்து வழிகிறது, ஓடிவிடுகிறது. எங்கேயும் தங்கவில்லை, தங்கினால்தான் வேலை கெட்டது.

மின்னூட்டம், பின்னூட்டம் எல்லாம் நிலைக்கவில்லையா என்பார்கள். நிலைத்தன. மின்னூட்டத்தில் மின்சாரம் பொருளிலேயே ஏறி நிற்கிறது, பொருத்தம்தான். பின்னூட்டம் பழகிப் பழகி நிலைத்தது, அதற்கு வாதம் எதுவும் கிடையாது. ஒரு சொல் பழகிவிட்டது என்பதற்காக அதே அச்சில் இன்னும் நூறு வார்த்தால் எல்லாம் பழகிவிடும் என்று நம்புவதுதான் தப்பு.

ஆங்கிலத்தில் இந்த ‘ஃபெட்’ என்ற ஒட்டு எங்கே எல்லாம் வருகிறது, தமிழன் அந்த இடங்களில் என்ன சொன்னான் என்று பாருங்கள். மழையை நம்பிய நிலத்துக்கு அவர்கள் ‘ரெயின் ஃபெட்’ என்பார்கள். நாம் மானாவாரி என்போம், வானம் பார்த்த பூமி என்போம். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயியிடம் ‘உங்கள் நிலம் மழை ஊட்டப்பட்டதா’ என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். குளத்துத் தண்ணீரில் விளைவதை அவர்கள் ‘டேங்க் ஃபெட்’ என்பார்கள், மதுரையில் அது கண்மாய்ப் பாசனம். ஆற்றுத் தண்ணீர் என்றால் ஆற்றுப் பாசனம். ஊட்டு என்ற பேச்சே எங்கும் இல்லை. தண்ணீர் என்றால் நமக்குப் பாயும், பாய்ச்சும், இறைக்கும், வரும், ஏறும். வைகையை நம்பி வாழ்கிற ஊர், தண்ணீரைப் பற்றிப் பேச நமக்குச் சொல் பஞ்சமா?

இதை வைத்து ‘நீர்பாய் கம்பு’ என்று ஒரு மாற்று வந்தது. வினைத்தொகை, இலக்கணம் சுத்தம். ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். பாய் என்றதும் கோரைப்பாய் விரிகிறது, டவுன்ஹால் ரோட்டில் பாய் கடையும் ஞாபகம் வருகிறது. ‘நீர்ப்பீச்சுக் கம்பு’ என்றும் ஒருவர் சொன்னார். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் மேல் பிரியம் உண்டு, ஆனாலும் இங்கே ஆகாது. பீய்ச்சுவதற்கு அழுத்தம் வேண்டும். இந்தக் கம்பில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் போகும், வேலையைச் செய்வது பிரஷ், தண்ணீர் அலசிவிடுகிறது. பீச்சு என்று பெயர் வைத்தால் வாங்குகிறவர் வண்டி கழுவும் பிரஷர் வாஷரோடு இதைச் சேர்த்துவிடுவார், அது வேறு சாமான். கோல் என்ற சொல் அழகானது, ஆனால் எழுதுகோல், அளவுகோல், செங்கோல் என்று ஏட்டுக்கும் அரண்மனைக்கும் போய்விட்டது. துறட்டி கொக்கி உள்ளது, காய் பறிக்க. கழி என்று எழுதலாம், தண்ணீரோடு சேர்த்தால் கழிநீர் என்று வாசித்துவிடுவார்கள், வேண்டாம்.

வீட்டிலேயே விடை இருக்கிறது. ஒட்டடைக் கம்பு. நீளமான கம்பு, நுனியில் பிரஷ், தரையில் நின்றபடி மேலே தேய்ப்பது. இதன் அண்ணன்தான் வாட்டர் ஃபெட் போல், தண்ணீர் சேர்ந்துவிட்டது, அவ்வளவே. அப்படியானால் தண்ணீர்க் கம்பு.

‘ஃபெட் எங்கே போச்சு’ என்று மொழிபெயர்ப்பாளர் கேட்பார். ஒட்டடைக் கம்பில் ‘அடிக்கும்’ எங்கே போனதோ அங்கே போனது. ஒட்டடையை அடிக்கும் கம்பு, ஒட்டடைக் கம்பு. தேரை ஓட்டும் பாகன், தேர்ப்பாகன். தயிரை உடைய குடம், தயிர்க்குடம். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை, புதுச்சொல் ஆக்குவதற்குத் தமிழ் கொடுத்திருக்கிற இயந்திரம் அது. வேற்றுமை உருபையும் வினையையும் விழுங்கிவிட்டு இரண்டே பெயரை ஒட்ட வைக்கும், கேட்கிறவர் நடுவில் இருப்பதைத் தானே நிரப்பிக்கொள்வார். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், ‘நீர் வழங்கப்படும் பந்தல்’ என்று பேனர் கட்டுவதில்லை. தண்ணீரை மேலே ஏற்றும் கம்பு தண்ணீர்க் கம்பு. ஆங்கிலத்தில் மூன்று சொல் இருந்தால் தமிழிலும் மூன்று வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நீரோட்டம் பார்க்கிறவர் கையில் இருப்பதும் தண்ணீர்க் கம்புதானே என்று கேட்கக்கூடும். அது கவட்டைக் குச்சி. கம்புக்கும் குச்சிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வேலை செய்கிற பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் ‘வாட்டர் போல்’ என்கிறார்கள், எழுதிப் பார்த்தால் ‘தண்ணீர் மாதிரி’ என்று பொருள் வருகிறது, அது தனிச் சிரிப்பு. அவசரத்தில் ‘அந்தத் தண்ணிக் கம்ப எடுடா’ என்றும் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அதுதான் தீர்ப்பு. தூய்மை பேசுகிறவர்கள் ‘தண்ணி’யைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அவர்களுக்காக எழுத்தில் ‘தண்ணீர்’ என்று ‘ர்’ போட்டுக்கொள்கிறேன்.

பெயரோடு விட்டிருந்தால் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன். அதே கையேட்டில் ‘தூய நீரை மட்டுமே பயன்படுத்தவும்’ என்று இருக்கிறது. மதுரையில் ஒருவர் அதை எப்படி வாசிப்பார்? தெளிவான தண்ணீர், குடிக்கிற தண்ணீர், தூசி இல்லாத தண்ணீர் என்றுதான். போர் தண்ணீர் கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் ஆயிரம் பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டுகிற தெருக்களும் உண்டு. அதை ஊற்றித் தேய்த்தால் வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. மூலத்தில் சொன்னது ஆர்ஓ-வில் வடிகட்டி, மிச்ச உப்பை, அதைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளில் எடுத்து, மீட்டர் பூஜ்யம் காட்டுகிற தண்ணீர், பத்து பிபிஎம்முக்குள் இருந்தாலும் சமாளிக்கலாம். அதற்கு ‘உப்பெடுத்த தண்ணீர்’ என்று ஒரு சொல் போட்டிருந்தால் முடிந்தது. குடிக்கிற கேன் தண்ணீர் கூட இதற்குப் போதாது, அதிலும் உப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு ஆர்ஓ-வுக்குள் விடுகிற தண்ணீரை ‘ஊட்ட நீர்’ என்று எழுதியிருக்கிறார்கள். படித்தால் சத்து டானிக் போல இருக்கிறது.

அதைவிடப் பெரியது இன்னொன்று. கம்பு எதனால் ஆனது என்ற பகுதியில் அலுமினியம், ‘நார்க் கம்பம்’ என்று இரண்டே வகை. கண்ணாடி இழை, கார்பன் இழை இரண்டையும் ‘நார்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார் மொழிபெயர்ப்பாளர். இரண்டும் ஒன்றா? கண்ணாடி இழை விலை குறைவு, முப்பது அடி தாண்டினால் கனம், வளையும். கார்பன் இழை எடை குறைவு, விறைப்பாக நிற்கும், விலை பலமடங்கு. அதோடு கார்பன் இழையில் மின்சாரம் பாயும், அலுமினியம் போலவே. கண்ணாடி இழை உலர்ந்திருந்தால் பாயவிடாது, ஆனால் ஈரமும் அழுக்கும் சேர்ந்த கம்பில், உள்ளே தண்ணீர் ஓடும்போது அதையும் நம்பக்கூடாது. மதுரையின் பழைய தெருக்களில் மாடிக் கைப்பிடிக்கு எட்டும் தூரத்தில் கம்பி போகிறது. ‘நார்’ என்று படித்த பையன் தேங்காய் நார், வாழைநார் என்று நினைத்துக்கொண்டு, மின்சாரம் ஏறாது என்று கார்பன் கம்பைத் தூக்கினால் என்ன ஆகும்? இழை என்ற நல்ல சொல் இருக்கும்போது நாரை எதற்குத் தேடிப் போனார்கள் என்று தெரியவில்லை. தெருவில் பேசும் ‘ஃபைபர்’ என்பதிலும் இதே குழப்பம் உண்டு, அதனால் எந்த ஃபைபர் என்று கேட்டு வாங்குங்கள்.

அதனால் கொட்டேஷன் கேட்கிறவர்கள் இப்படி எழுதினால் போதும்: ‘தண்ணீர்க் கம்பு, கண்ணாடி இழை, 25 அடி, பிரஷ்ஷும் ஹோஸும் சேர்த்து, உப்பெடுக்கும் ரெசின் டேங்க் தனி, டிடிஎஸ் மீட்டர் ஒன்று.’ இரண்டு மாடிக்கு இது தாராளம். நாலு மாடிக்கு மேல் என்றால் கார்பன் என்று எழுதி, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்கும் ‘கூஸ்நெக்’ என்ற வளைவுக்கு ‘வாத்துக்கழுத்து’ என்று ஒருவர் போட்டிருக்கிறார், அதை நான் எதிர்க்கவில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது.