ஸ்டால்: விமானம் காற்றுப்பிடியை இழப்பது

டீ ஸ்டால், புத்தகக் கண்காட்சி ஸ்டால் என்று நாள்தோறும் புழங்கும் சொல்தான். அதே சொல் விமான விபத்துச் செய்தியில் வரும்போதுதான் மொழிபெயர்ப்பு தடுமாறுகிறது. 'ஸ்டால் ஆனது' என்பதை 'என்ஜின் நின்றுவிட்டது' என்றோ, இன்னும் மோசமாக 'விமானம் நடுவானில் நின்றது' என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ஸ்டால் ஆகி விழுந்த விமானங்களில் என்ஜின்கள் கடைசி நொடிவரை முழு விசையில் ஓடியதும் உண்டு.

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு நிற்குமிடம் என்று பொருள். குறிப்பாக மாடு, குதிரை கட்டும் இடம். கொட்டிலில் ஒவ்வொரு குதிரைக்கும் தடுத்துவிட்ட பகுதி ஸ்டால். சந்தையில் ஒரு வியாபாரிக்குத் தடுத்துக் கொடுத்த இடமும் ஸ்டால். நம் டீக்கடைப் பலகைக்கு வந்தது இந்த வழியில்தான். வினைச்சொல்லாகும்போது, சேற்றில் மாட்டி நகராமல் நிற்பதைக் குறித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி என்ஜின் பளு தாங்காமல் நின்றுபோவதற்கு அதை வைத்துக்கொண்டார்கள். வானூர்தி வந்ததும், பறப்பது தொய்ந்து விழுவதற்கும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். நின்றுபோதல் என்ற பழைய பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குழப்பம் அங்கே ஆரம்பம்.

உண்மையில் நடப்பது என்ன? ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவது ஆபத்து. ஆனால் சிறுவயதில் பலரும் செய்ததுதான். உள்ளங்கையைத் தரைக்கு இணையாக வைத்து முன்விளிம்பைச் சற்றே தூக்கினால் காற்று கையை மேலே தள்ளும். இன்னும் தூக்கினால் இன்னும் தள்ளும். ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் தள்ளல் குறைந்து, கை நடுங்கியபடி பின்னால் இழுபடும். இறக்கைக்கும் இதே கதைதான். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணத்தைத் தாக்குகோணம் என்கிறோம். அது கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும். ஓர் உச்சக் கோணத்தைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழிந்த காற்று ஒட்டாமல் பிய்ந்து சுழலாக உடையும். தூக்குவிசை சரியும், இழுவிசை எகிறும். அதுதான் ஸ்டால்.

ஆக, ஸ்டாலுக்குக் காரணம் கோணம். வேகக் குறைவு என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை: வேகம் குறைந்தால் உயரம் இறங்காமல் இருக்க மூக்கைத் தூக்க வேண்டியிருக்கும், அதனால் கோணம் கூடும். ஆனால் நல்ல வேகத்திலும் ஸ்டால் வரும். உயரம் குறையாமல் 60 டிகிரி சரிந்து திரும்பும் விமானத்தின் இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்குகிறது. நேர்ப்பறப்பில் 120 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) ஸ்டால் ஆகும் விமானம் அப்போது 170 நாட் வேகத்திலேயே ஆகிவிடும். பெரிய ஜெட்களில் இன்னொரு சங்கதி, உயரத்தில் ஒலிவேகத்தை நெருங்கிப் பறக்கும்போது உச்சக் கோணமே சுருங்கிவிடுவது. தாழ்வான உயரத்தில் மெதுவாகப் பறக்கும் ஏர்பஸ் ஏ330-இல் கோணம் 10 டிகிரியை நெருங்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கை, 35,000 அடியில் 4 டிகிரி அளவிலேயே ஒலிக்கும். வழக்கமான பறப்புக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே அங்கே இருப்பது சில டிகிரிதான்.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 என்ற ஏ330 விமானம் விழுந்தது அந்தச் சில டிகிரியில். காற்றழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன. வேகக் கணக்கு முரண்பட்டதும் தானியங்கி விமானி விலகிக்கொண்டது. கோணம் எல்லை மீறாமல் காக்கும் கணினிப் பாதுகாப்பும் கூடவே போனது. ஓட்டிக்கொண்டிருந்த துணைவிமானி நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். விமானம் 35,000 அடியிலிருந்து 38,000 அடியை ஒட்டி ஏறி, வேகத்தை இழந்து, ஸ்டால் ஆனது. எச்சரிக்கை ஒருகட்டத்தில் இடைவிடாமல் 54 நொடி ஒலித்தது. ஏர்பஸ்ஸில் அது 'ஸ்டால், ஸ்டால்' என்ற குரலும், பின்னாலேயே சுவர்க்கோழி கத்துவதுபோன்ற கிரீச்சொலியுமாக வரும். அந்த நிலைக்குரிய பெயரை விமானி அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொடுமை அதோடு முடியவில்லை. பதிவான வேகம் 60 நாட் அளவுக்குக் கீழே போனால் கோண உணரிகளின் அளவை நம்ப முடியாது என்று கணினி ஒதுக்கிவிடும், எச்சரிக்கையும் அடங்கிவிடும். மூக்கைத் தாழ்த்தினால் அளவுகள் உயிர்பெற்று எச்சரிக்கை மறுபடி கத்தும். சரியானதைச் செய்யும்போது அலறி, தவறைச் செய்யும்போது வாய்மூடிக்கொள்ளும் கருவியை இருட்டில் எதிர்கொண்டவர்கள் அவர்கள். தானியங்கி விலகி 4 நிமிடம் 23 நொடியில் விமானம் கடலில் மோதியது. அப்போது மூக்கு 16 டிகிரி மேல்நோக்கி இருந்தது. இறங்கிய வேகம் நிமிடத்துக்கு 10,912 அடி, அதாவது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். என்ஜின்கள் நன்றாகவே ஓடின. 228 பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்த துருக்கி ஏர்லைன்ஸ் போயிங் 737-இல் இதற்கு நேர்மாறான வழி. ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் தரையிலிருந்து உள்ள உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரை வந்துவிட்டது என்று எண்ணிய தானியங்கி விசைக்கட்டுப்பாடு என்ஜின்களைத் தணித்துவிட்டது. விமானிகள் கவனிக்கும்போது, ஸ்டால் நெருங்குவதை எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் என்ற கருவி நெம்புகோலை உதறிக்கொண்டிருந்தது. உயரம் 460 அடிதான். மீட்க இடமில்லை. 9 பேர் இறந்தார்கள்.

மீட்கும் முறை சொல்ல எளிது: தானியங்கிகளை விலக்கு, எச்சரிக்கை அடங்கும்வரை மூக்கைத் தாழ்த்து, இறக்கையைச் சமன் செய், பிறகு தேவையான அளவு விசை கொடு, வேகத்தடுப்புத் தகடுகளை மடக்கு, மெல்லப் பழைய பாதைக்குத் திரும்பு. வரிசை முக்கியம். முன்பெல்லாம் பயிற்சியில் 'முழு விசை, உயரத்தை விடாதே' என்று பழக்கினார்கள். இறக்கைக்குக் கீழே தொங்கும் என்ஜினுக்குச் சட்டென்று முழு விசை கொடுத்தால் மூக்கு மேலே எழும், கோணம் இன்னும் கூடும். ஏர் பிரான்ஸ் விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பாடம் மாறியது: முதலில் கோணத்தைக் குறை, உயரம் போனால் போகட்டும்.

இனி தமிழ்ச்சொல். பிற மொழிகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்ப்பது உதவும். ஸ்பானியர்கள் 'தூக்குவிசை இழப்பு' என்ற பொருளில் சொல்கிறார்கள். பிரெஞ்சில் 'கொக்கியிலிருந்து கழல்தல்'. ஜெர்மானியர்கள்தான் இயற்பியலைப் பிடித்திருக்கிறார்கள்: 'ஓட்டம் பிய்தல்'. தமிழில் 'தூக்கிழப்பு' என்று சுருக்கினால் தூக்குத் தண்டனை நினைவுக்கு வருகிறது. 'ஏற்றமிழப்பு' என்றால் மேலே ஏறுவது நின்றதாகப் படும்; ஏர் பிரான்ஸ் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோதே எச்சரிக்கை ஒலித்தது. 'நிறுத்தம்' பேருந்துக்கு மட்டும் போதும்.

'காற்றுப்பிடி இழப்பு' என்பது என் தேர்வு. காற்று இறக்கையை ஒட்டிப் பிடித்திருப்பதும் அது விட்டுப்போவதும் சொல்லிலேயே தெரிகிறது. 'இறக்கை காற்றுப்பிடியை இழந்தது', 'காற்றுப்பிடி இழப்பு எச்சரிக்கை' என்று வாக்கியத்திலும் மடங்குகிறது. இன்னொரு சோதனையிலும் தேறுகிறது. ஜெட் என்ஜினுக்குள்ளும் ஸ்டால் உண்டு. உள்ளே வரும் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் ஒவ்வொரு தகடும் ஒரு குட்டி இறக்கை. அதன்மேல் காற்று கோணம் மாறி வந்தால் அங்கும் ஓட்டம் பிய்யும், டமார் என்ற வெடிச்சத்தமும் சில சமயம் தீப்பிழம்பும் வரும். 1991 டிசம்பர் 27 அன்று ஸ்டாக்ஹோமில் கிளம்பிய எம்டி-81 விமானத்தின் இறக்கையிலிருந்து உடைந்த பனிக்கட்டியை இரண்டு என்ஜின்களும் விழுங்கின. கம்ப்ரசர்கள் காற்றுப்பிடியை இழந்தன. அதன்பின்தான் என்ஜின்கள் செத்தன. விமானத்தை வயலில் இறக்கினார்கள், இருந்த 129 பேரும் பிழைத்தார்கள். இறக்கைக்குச் சொன்ன சொல் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

சிக்னலில் கிளட்சை வெடுக்கென்று விட்டால் நிற்கும் காருக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: வண்டி ஆஃப் ஆயிடுச்சு.