மூக்கை உயர்த்திய கெப்

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கரைவலை வாடிகளில் மீன் ஏற்றும் எங்கள் மாமாவின் பழைய ஹைலக்ஸ் கெப் (டொயோட்டா பிக்கப் வண்டி) கொஞ்சக் காலமாக மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மணலில் இறங்கினால் அடிப்பாகம் உரசும். ஒருநாள் கராஜுக்குப் போய், "முன்னுக்குக் கொஞ்சம் தூக்கி விடுங்கோ தம்பி" என்றார். அந்தத் தம்பி கீழே படுத்து, இரண்டு போல்ட்டுகளைச் சில சுற்றுச் சுற்றிவிட்டு எழும்பிவிட்டார். வண்டி இரண்டு அங்குலத்துக்கு மேலே உயர்ந்துவிட்டது. "ஸ்பிரிங்கை நல்லா இறுக்கியாச்சு ஐயா, இனிப் பலமா நிக்கும்."

உயர்ந்தது உண்மை. பலம் மட்டும் கூடவில்லை.

1988க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ்கள் பலவற்றிலும், அந்தக் காலத்து மிட்சுபிஷி எல்200இலும் முன்சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அந்த வேலையை ஒரு நேரான உருக்குத் தண்டு செய்கிறது. டோர்ஷன் பார், அதாவது முறுக்குத் தண்டு. புதுச் சரக்கும் அல்ல. 1934இல் வந்த சித்ரோயென் டிராக்சியோன் அவாந் காரிலேயே இருந்தது. தண்டின் ஒரு முனை சில்லைத் தாங்கும் கையோடு பூட்டியிருக்கும். மற்ற முனை, வண்டியின் அடிச்சட்டமான சேசியின் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் ஒரு குட்டி நெம்புகோலுக்குள் செருகியிருக்கும். சில்லு மேலே எழும்பினால் கை சுழலும், தண்டு முறுகும். ஈரச் சாரத்தைப் பிழிவது போலத்தான். ஆனால் விட்டதும் தண்டு பழையபடி திரும்பிவிடும்.

எவ்வளவு முறுகும்? ஒரு மீற்றர் நீளம், 22 மில்லிமீற்றர் விட்டம் உள்ள தண்டை எடுப்போம். சில்லின் மேல் 350 கிலோ பாரம், கையின் நீளம் 35 சென்ரிமீற்றர் என்று வைத்தால், கணக்கில் ஏறக்குறைய 38 பாகை வருகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே அந்த உருக்குத் தண்டு அவ்வளவு முறுகித்தான் கிடக்கிறது! வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் உருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கொடுக்கும். மாமாவின் வண்டி மூக்கைத் தொங்கப் போட்டது அதனால்தான்.

இனி அந்தப் போல்ட்டுக்கு வருவோம். அது குட்டி நெம்புகோலைத் தள்ளி, தண்டின் பின்முனையைச் சுழற்றுகிறது. தண்டு இன்னும் முறுகி இறுகிவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஒரு ஸ்பிரிங் தராசில் ஐந்து கிலோ பாரை மீனைத் தொங்கவிட்டு, தராசோடு சேர்த்து அரை அடி உயர்த்திப் பாருங்கள். மீன் உயரும், முள் ஐந்திலேயே நிற்கும். இங்கேயும் அதேதான். வண்டியின் பாரம் மாறவில்லை, ஆகவே தண்டின் முறுக்கும் மாறுவதில்லை என்றே சொல்லலாம். பின்முனை பத்துப் பாகை சுழன்றால் முன்முனையும் பத்துப் பாகை சுழலும். கை கீழ்நோக்கிச் சாயும், வண்டி உயரும். அவ்வளவுதான்.

தண்டின் விறைப்பை முடிவு செய்வது அதன் நீளமும் தடிப்பும். தடிப்பு நான்காம் அடுக்கில் வருகிறது: விட்டத்தைப் பத்து வீதம் கூட்டினால் விறைப்பு 46 வீதம் கூடும். திருகோணமலை உப்புக் காற்றில் இந்தக் கணக்கு மறுபக்கமாகவும் ஓடும். 22 மில்லிமீற்றர் தண்டு துருப்பிடித்து 21 ஆனால், ஆறில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும். அதைவிட மோசம், துரு அரித்த குழிகளில்தான் வெடிப்புத் தொடங்கும். அந்தத் தண்டை பைப் ரெஞ்சால் கடித்துப் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்படியென்றால் ஏன் இப்ப வண்டி கல்லு மாதிரி அடிக்குது?" மாமாவின் கேள்வி நியாயமானது. சில்லுக்கு மேலே எழும்பவும் இடம் வேண்டும், கீழே இறங்கவும் இடம் வேண்டும். வண்டியை உயர்த்தியதும் கை ஏற்கனவே பாதி இறங்கிவிட்டது. குழியில் சில்லு இறங்கும் ஒவ்வொரு முறையும், சில்லைத் தாங்கும் இரண்டு கைகளில் மேலே உள்ளது அதன் எல்லையில் இருக்கும் ரப்பரில் "டக்" என்று மோதுகிறது. சில்லின் சரிவும் மாறிவிட்டதால் டயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கியது. நான்கு சில்லும் இழுக்கும் கெப்பாக இருந்தால், முன் அச்சு மூட்டுகளும் கோணல் கூடி, சீக்கிரம் தேயும்.

பின்பக்கம் வேறு கதை. அங்கே பிளேட் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த உருக்குப் பட்டைகள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐசும் மீனும் ஏற்றி ஏற்றி, உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து, பிளேட்டுகள் மெலிந்திருந்தன. இங்கே தடிப்பு மூன்றாம் அடுக்கில் வரும்: எட்டு மில்லிமீற்றர் பிளேட் ஏழானால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசியோடு இணைக்கும் ஷெக்கிளை நீட்டி உயர்த்தலாம். இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான், ஸ்பிரிங்கின் மற்ற முனை அசையாமல் நிற்பதால். பட்டறையில் பழுக்கக் காய்ச்சி வளைப்பதை நான் விரும்புவதில்லை. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் உருக்கின் பதம் போய், சில மாதத்தில் மறுபடியும் படுத்துவிடும். மெலிந்த பிளேட்டை மாற்றுவதே சரி.

பின்பக்கத்தை உயர்த்துபவர்கள் மறக்கும் ஒன்று இருக்கிறது. இப்படியான கெப் பலவற்றில் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேசியிலுள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் வால்வு பின்சில்லுகளுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். உயர்ந்து நின்றால் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு குறைக்கும். கம்பியைச் சரிசெய்யாமல் உயர்த்தினால், முழுப் பாரத்தோடு வரும்போதும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

கடைசியில் நாங்களே மட்டமான தரையில் வண்டியை நிறுத்தினோம். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தோம்; தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ஜக் அடித்துத் தூக்கி, பாரம் இறங்கிய பிறகுதான் போல்ட்டைத் தொட்டோம், இல்லாவிட்டால் புரி தேய்ந்துவிடும். சுற்றுகளை எண்ணித் திருப்பி, இறக்கி, கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தோம். பழைய உயரத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலாக வைத்து, அலைன்மென்ட் பார்த்தாயிற்று.

மூக்கு உயர்ந்திருந்த நாட்களில் இரவு நிலாவெளி வீதியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் மாமாவுக்கு லைட் அடித்தார்களாம். தெரிந்த ஆட்கள் என்று நினைத்து அவரும் கை காட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஹெட்லைட் அவர்கள் கண்ணில் குத்தியிருக்கிறது. இப்போது ஒருவரும் அடிப்பதில்லை.