லாரியைத் தாங்கிய பாலம் நிலநடுக்கத்தையும் தாங்கிவிடுமா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 2025-இல் ஏற்பட்ட சிகாமாட் நிலநடுக்கத்துக்குப் பிறகு இதே கோலத்தில் நான் பார்க்கும் மூன்றாவது பாலம் இது. முதல் இரண்டு முறையும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

வட ஜொகூரில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறு பட்டணம். 1960-களில் கட்டிய மூன்று கண் பாலம் (ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை உள்ள பகுதிதான் ஒரு கண்). ஒரு கரையில் கடைவீதி, மறுகரையில் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் தோட்டத்துச் சாலையும். பாலத்தின் கண்களுக்கு இடையே விட்டிருந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிள் சக்கரம் இடிக்கிறது என்று ஊரார் பணம் திரட்டி, சிமெண்டு குழைத்து அதை அடைத்திருக்கிறார்கள். தூணில் இருந்த விரிசலைப் பூசி மறைத்துத் திருவிழாவுக்கு வண்ணமும் அடித்தாகிவிட்டது. நல்ல மனத்தோடு செய்த வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாலத்துக்கு அது கேடு.

என்னைக் கூட்டிப்போன ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஐயா பெருமையோடு சொன்னார்: "தம்பி, எத்தனை ஆயிரம் செம்பனை லாரி போய்வந்த பாலம் இது! ஒரு அங்குலம் அசைந்திருக்குமா? நிலநடுக்கம் இதை என்ன செய்துவிடும்?"

இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பாலங்களுக்கு அடியில் புகுந்து பார்ப்பதே என் வேலை. இந்தக் கேள்வியைத்தான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன், படித்தவர்களிடமிருந்தும். ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் ஓடும் கால்வாய்க்குக் குறுக்கே, இருபுறமும் செங்கல் வைத்து ஒரு பலகை போட்டிருப்போமே, நினைவிருக்கிறதா? அதன்மேல் அப்பா சைக்கிளோடு ஏறுவார். நாங்கள் நான்கு பிள்ளைகள் ஒன்றாகக் குதிப்போம். பலகை அசையாது. ஆனால் ஒரு பக்கத்துச் செங்கல்லை யாராவது காலால் வெளியே தள்ளிவிட்டால் பலகை கால்வாய்க்குள் விழும். பலகைக்கு வலு போதாமலா விழுந்தது? இல்லை, அது உட்கார்ந்திருந்த இடம் நகர்ந்துவிட்டது.

லாரியின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. நிலநடுக்கமோ பாலத்தைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. ஒரு கண்ணின் எடை 150 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடு நிலம் குலுங்கினால், அந்தக் கண்ணைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஏறத்தாழ 15 டன். லாரி பிரேக் போடும்போதும் பக்க விசை வரும்தான். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் பாலம் கட்டினார்கள். நிலநடுக்க விசையை அந்தக் காலத்தில் நம் நாட்டில் யாரும் சேர்க்கவில்லை. அதற்கான தேசிய அளவீடுகளே 2017-இல்தான் வந்தன. எனவே அறுபது ஆண்டுகள் லாரிகளைத் தாங்கியது என்பது லாரிக்கு மட்டுமே நற்சான்று. பாலம் எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

புதிய பாலமாக இருந்தாலும் இதே கதைதான். 1964 ஜூனில் ஜப்பானின் நீகாத்தாவில் நிலம் நடுங்கியபோது, ஷோவா பாலம் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆற்றுமணல் நீரோடு கலந்து குழம்பாக, தூண்கள் நகர, கண்கள் வரிசையாக ஆற்றில் சரிந்தன. 1989-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்திலும் மேல்தளத்தில் சுமார் 15 மீட்டர் துண்டு, உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு நழுவித்தான் விழுந்தது.

"மலேசியாவில் ஏது நிலநடுக்கம்?" என்ற பேச்சுக்கு 2025 ஆகஸ்ட் 24 காலையே பதில் சொல்லிவிட்டது. சிகாமாட்டில் 4.1 அளவு, பின்னர் யோங் பெங் பக்கமும் சிறு அதிர்வுகள். 2007-இலிருந்து பகாங்கின் புக்கிட் திங்கியிலும் சிறிதாக அதிர்ந்திருக்கிறது. சபாவின் ரானாவ் 2015-இல் 6.0 அளவில் குலுங்கியபோது கினபாலு மலையில் 18 உயிர்கள் போயின. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. 4.1 ஒரு பாலத்தைச் சாய்க்காது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சுமத்ராவிலிருந்து வரும் அதிர்வு நெடுந்தூரம் வந்து மெதுவாக ஆட்டுவதால் உயரமான அடுக்குமாடிகளைத்தான் அதிகம் அசைக்கும். குட்டையான, விறைப்பான சிறு பாலத்தை உலுக்குவது பக்கத்திலேயே, ஆழம் குறைவாக எழும் அதிர்வு. சிகாமாட்டில் எழுந்தது அந்த வகை.

பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் தேவையும் இல்லை. முதல் வேலை, கண்கள் கீழே விழாமல் பார்ப்பது. தூண் தலையில் உத்திரம் உட்காரும் இடம் பல பழைய பாலங்களில் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். அதை அகலப்படுத்தலாம். கண்களை ஒன்றோடொன்று இரும்புக் கம்பிவடத்தால் பிணைக்கலாம். பக்கவாட்டில் நழுவாதிருக்கக் கான்கிரீட் தடுப்புக் கட்டைகள் வைக்கலாம். கலிபோர்னியாவில் 1971 நிலநடுக்கத்துக்குப் பிறகு முதலில் தொடங்கியதும் கண்களைப் பிணைக்கும் வேலைதான். செலவு குறைவு, பலன் அதிகம்.

அடுத்தது தூண். அக்காலத்துத் தூண்களில் நெடுங்கம்பி தாராளமாக இருக்கும். அதைச் சுற்றும் வளையக் கம்பியோ மெல்லியதாக, தூரதூரமாக இருக்கும். குலுங்கும்போது மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்து, வளையத்தின் கொக்கி விரிந்து, நெடுங்கம்பி பிதுங்கிவிடும். தூணைச் சுற்றி இரும்புத் தகடோ புதுக் கான்கிரீட்டோ கரிம இழைத் துணியோ இறுக்கமாகப் போர்த்தினால் அது பிதுங்காது. அடித்தளத்தில் கை வைப்பது கடைசியில். அதுதான் பணத்தை விழுங்கும்.

தாங்கிகளைப் பற்றி எழுதும்போது மட்டும் என் மனம் கனத்துவிடுகிறது. உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் அடுக்கு ரப்பர்க் கட்டைகள் அவை. நிலம் ஆடும்போது அவை வளைந்துகொடுத்து, ஆட்டம் முழுவதும் மேலே போகாமல் தணிக்கும். இயற்கை ரப்பரில் இந்த நுட்பத்தை வளர்த்ததில் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில் இருக்கும் மலேசிய ரப்பர் ஆய்வுக்கூடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நம் நாட்டு ரப்பர்மீது வசூலித்த தீர்வையில் நடந்த ஆய்வு அது. 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தின் அடியில் அந்த ரப்பர் போனது. 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்திலும் அத்தகைய தாங்கிகள் இருக்கின்றன. விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப்போன என் அம்மாவின் உழைப்பில் ஒரு துளியாவது அந்த ஆய்வில் இருக்கிறது. அவர் தினமும் நடந்துபோன பாலத்தின் தாங்கிகளோ, நான் போன மாதம் பார்த்தபோது, விரலால் கிள்ளினால் உதிர்ந்தன.

சரி, இனி ஊராருக்கு. இடைவெளியை அடைக்காதீர்கள். சிமெண்டு, தார், கல், எதுவும் வேண்டாம். வெயிலில் பாலம் நீள்வதற்கும் அதிர்வில் அசைவதற்கும் விட்ட இடம் அது. அடைத்துவிட்டால் கண்கள் ஒன்றையொன்று மோதி நொறுக்கும். சக்கரம் இடித்தால் எழுதிக் கேளுங்கள், ரப்பர்ப் பட்டை போட்டுத் தருவார்கள். சாலை போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே அடுக்கினால் நின்று தடுங்கள். எடை கூடக்கூட நிலநடுக்க விசையும் கூடும். தூணடியில் மணல் அள்ளுகிறவன் யாராக இருந்தாலும், உங்கள் மைத்துனனாகவே இருந்தாலும், புகார் கொடுங்கள். பாலத்தடியில் குப்பை கொளுத்தாதீர்கள், கான்கிரீட் வெந்து போகிறது. நிலம் அதிர்ந்தது தெரிந்தால், ஆட்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை பள்ளி வேன் அந்தப் பக்கம் போக வேண்டாம். பத்து நிமிடம் சுற்றிப் போகட்டும்.

விரிசலை மட்டும் தயவுசெய்து பூசி மறைக்காதீர்கள். எங்களுக்கு அதுதான் நோயாளியின் நாடி. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அளவு தெரிய ஓர் இருபது சென் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்திருந்தால் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். மண்டோர் ஐயாவிடம் பென்சிலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.