வாங்கி வந்த ப்ராஜெக்ட்

போன வாரம் தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரிக்கு, இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் நாலு டீம். அதில் மூன்று 'ஸ்மார்ட் இரிகேஷன்'. பிளாஸ்டிக் டப்பாவில் மண், அதில் குத்திய கவட்டை வடிவ ஈரச் சென்சார், ஆர்டுயினோ என்கிற சின்னக் கன்ட்ரோல் போர்டு, சுவிட்ச் வேலை பார்க்கும் ஒரு ரிலே, மீன்தொட்டி மோட்டார். மண் காய்ந்தால் ஓடும், நனைந்தால் நிற்கும். மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே பக்கத்தில் ஒரே எழுத்துப்பிழை.

மூன்றாவது டீமில் ஒரு பையன். அப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறார்.

"ஏம்ப்பா, இதை உங்க தோட்டத்துல வெச்சுப் பார்த்தியா?"

"இல்ல சார்."

"அப்பாகிட்டயாவது காட்டினியா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "காட்டினேன் சார். கரண்டு எப்ப வரும்னு இதுக்குத் தெரியுமாடான்னு கேட்டார்."

எனக்குப் பதில் அந்த மனுஷனை எக்ஸ்டர்னலாகப் போட்டிருக்கலாம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில், மண் காய்ந்த நேரம் பார்த்து மோட்டார் போடும் கருவியை வைத்து என்ன செய்வது? கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஸ்டார்ட்டர், போன் போட்டால் ஓடும் ஸ்டார்ட்டர் எல்லாம் விவசாயி எப்போதோ வாங்கி மாட்டிவிட்டார். பையன் இதைக் கடையில் வாங்கக் கொடுத்தது பன்னிரண்டாயிரம் ரூபாய். அப்பாவிடம் வாங்கிய காசுதான்.

இந்த வருஷம் மட்டும் இது எனக்கு எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அவுட்புட் வரலைன்னா மார்க் போட மாட்டாங்க சார்." இந்த நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. இருபது வருஷமாக வைவாவில் உட்காருகிறேன். டெமோ ஓடவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் நான் ஃபெயில் ஆக்கியதில்லை, என் பக்கத்து நாற்காலிக்காரர்களும் ஆக்கிப் பார்த்ததில்லை. எங்களுக்கு எல்.இ.டி. எரிவதைப் பார்க்க ஆசையா? எரியாததற்கு என்ன காரணம், எதைச் சந்தேகப்பட்டீர்கள், எதை மாற்றிப் பார்த்தீர்கள், இதைத்தான் கேட்கிறோம். வாங்கி வந்தவனிடம் இதற்குப் பதில் இருக்காது. அந்தக் கவட்டை சென்சாருக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் சில வாரத்தில் அரித்துப் போகும். செம்மண்ணில் ஒரு ரீடிங், களிமண்ணில் வேறு ரீடிங் காட்டும். டப்பா மண்ணில் பத்து நிமிஷம் ஓட்டுகிறவனுக்கு இது ரெண்டும் தெரியாது. தோட்டத்தில் ஒரு மாதம் நட்டு வைத்து, கெட்டுப்போன சென்சாரைக் கையில் கொண்டுவந்து காட்டுகிறவனுக்கு நான் அள்ளிக் கொடுப்பேன். திரும்பவும் சொல்கிறேன்: ஓடாத ப்ராஜெக்டுக்கு மார்க் உண்டு, உங்களுடையதாக இருந்தால்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் மூன்று பெண்கள். ரெண்டு பேர் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்), ஒருத்தி பக்கத்துக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பஸ் சிநேகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் ரெண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு பல்லில் கறையாகத் தெரிகிற விஷயம், சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கிற வீடுகள் உண்டு. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் சரியான அளவு, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். இவர்கள் எல்.இ.டி., லைட் சென்சார் வைத்து நிறம் பார்க்கும் மீட்டர் ஒன்றைச் செய்தார்கள். ஸ்பேட்ன்ஸ் என்கிற சிவப்புச் சாயக் கரைசலை ஊற்றினால், ஃப்ளோரைடு ஏற ஏற நிறம் வெளுக்கும். அதை அளக்கும் மீட்டர். தண்ணீரில் படிகாரம் போட்டுத் தெளிய வைத்துப் பார்த்தார்கள், ஃப்ளோரைடு சரசரவென்று இறங்கியது. ஒரே குதூகலம். சாக்லேட் கூடக் கொடுத்துவிட்டார்கள்.

கெமிஸ்ட்ரிப் பெண்தான் ரெண்டு நாள் கழித்து வந்து, "சார், அது பொய்" என்றாள். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் கொஞ்சம் தண்ணீரிலேயே தங்கி, ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு சாயத்திடம் விடவில்லை. சோதனைக்கு முன் காய்ச்சி வடித்திருக்க வேண்டும். வடித்துப் பார்த்தால் சொன்ன அளவுக்கு இறங்கவே இல்லை. மீட்டர் சரி, கணக்கு சரி, தண்ணீர்தான் ஏமாற்றியது. இ.சி.இ. பெண்கள் மட்டும் செய்திருந்தால் அந்தத் தப்பு ரிப்போர்ட்டில் தங்க எழுத்தில் ஏறியிருக்கும். பல துறை சேர்ந்து படிப்பது என்றால் எனக்கு இதுதான். மாம்பழத்துக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துவிட்டு 'அக்ரிகல்ச்சர் ப்ளஸ் ஏ.ஐ.' என்று அட்டையில் அச்சடிப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சரி, மூன்றாம் வருஷப் பிள்ளைகளே, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தலைப்பை கூகுளில் தேடாதீர்கள். காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் அவர்களுக்கு என்ன தொல்லை என்று கேளுங்கள். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிகளில் என்ன வீணாகிறது என்று பாருங்கள். தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். டீமில் ஒருவராவது வேறு டிபார்ட்மெண்ட் ஆளாக இருக்கட்டும். தப்பானதையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், பேனாவால். விவசாயி கிணற்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது 440 வோல்ட், எலக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்கக்கூடாது. காசு இல்லை என்பவர்களுக்கு: தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு நிதி கொடுக்கிறது. கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். பெற்றோரே, பையன் ப்ராஜெக்டுக்கு மொத்தமாகப் பணம் கேட்டால் என்னென்ன வாங்கப் போகிறாய் என்று பட்டியல் கேளுங்கள். பட்டியல் வராது.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. லேப் நாலு மணிக்குப் பூட்டு, காலேஜ் பஸ் நாலரைக்கு. அடுத்த டிபார்ட்மெண்ட் லேபுக்குள் போக மூன்று கையெழுத்து. பிறகு பிள்ளைகள் கடையில் வாங்காமல் என்ன செய்யும்? சக ஆசிரியர்களே, வாரம் ஒரு நாள், ஆறு மணி வரை ஒரு லேபைத் திறந்து வைத்து, ஒரு பஸ்ஸை நிறுத்தி வைக்க முடியாதா? கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அந்தப் பையனை நான் ஃபெயில் ஆக்கவில்லை. ஒரு வேலை கொடுத்தேன். அப்பா தோட்டத்து மண்ணை ஒரு பிடி எடுத்து எடை போடு, 105 டிகிரியில் ஒரு நாள் காய வை, திரும்ப எடை போடு, குறைந்ததுதான் ஈரம். அதோடு உன் சென்சார் சொல்வதை ஒப்பிட்டு வா என்றேன். தலையாட்டிக்கொண்டு கதவு வரை போனவன் திரும்பி நின்றான்.

"சார், அந்த மாதிரி ஓவன் எங்க இருக்கும்?"

"சிவில் லேப்ல. எதிர் பில்டிங்."

நாலு வருஷம் அந்த பில்டிங் நிழலில்தான் பைக்கை நிறுத்தியிருக்கிறான்.