இந்த நிரல் வரியை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரே ஓர் அலுவலக அறை. அதன் மூலையில் 2005இல் வாங்கிய கணினி ஒன்று சென்ற ஆண்டு வரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் இருந்தவை இரண்டே வகைக் கோப்புகள்தாம். முதல் வகை, பாட்டிமார்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, தெருக்கூத்துப் பாடல்களின் ஒலிப்பதிவுகள். இரண்டாவது, குடும்ப வரலாற்று அட்டவணை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணையும் கப்பலின் பெயரையும் வைத்துத்தான் இங்குள்ள குடும்பங்கள் தங்கள் ஊரைத் தேடிப் பிடிக்கின்றன. எங்கள் உறுப்பினர்கள் தேடிப் பிடித்த எண்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருந்தன.

சென்ற ஆண்டு கணினியின் மதர்போர்டு எரிந்துபோனது. இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி, ஓர் இணைப்பியில் செருகி, என் மடிக்கணினியோடு சேர்த்தேன். சிஸ்டம் இருந்த டிஸ்க் உடனே திறந்தது. பாடல்கள் இருந்த டிஸ்க் திறக்கவில்லை. 'தெரியாத கோப்பு முறைமை' என்ற ஒரு வரி மட்டும் திரையில் வந்து நின்றது.

சங்கத்தின் செயலாளரை நாங்கள் எல்லோரும் தாத்தா என்றுதான் அழைப்போம். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் செத்துவிட்டதா, தம்பி?"

"இல்லை தாத்தா, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பகுதி என் கணினியில் இல்லை. எடுத்துவிட்டார்கள்."

"யார் எடுத்தார்கள்? நம்மிடம் கேட்டார்களா?"

அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவில் இருப்பது கெர்னல். டிஸ்க், விசைப்பலகை, நினைவகம், வலையமைப்பு எல்லாம் அதன் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று கணக்கு வைக்கும் ஒழுங்குதான் கோப்பு முறைமை. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளமான லினக்ஸின் கெர்னலுக்குப் பல கோப்பு முறைமைகள் தெரியும். எங்கள் டிஸ்க்கில் இருந்தது ரைசர் கோப்பு முறைமை. 2001இல் லினக்ஸ் 2.4.1இல் அது சேர்ந்தது. 2005இல் சூசே என்ற லினக்ஸ் தொகுப்பை நிறுவினால் இயல்பாகக் கிடைத்தது அதுவேதான்.

அப்போது அது நல்ல தேர்வாகவும் இருந்தது. பழைய கடைக் கணக்கர்கள் எந்த வரவு செலவையும் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுத்தான் பேரேட்டில் ஏற்றுவார்கள். நடுவில் விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். லினக்ஸின் அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் அந்தச் சிட்டை முறையை முதலில் கொண்டுவந்தது ரைசர்தான். 2008 முதல் தென்னாப்பிரிக்காவில் சுழற்சி முறை மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். எத்தனையோ முறை திடீரென்று மின்சாரம் போயும் எங்கள் பாடல்களில் ஒன்றுகூடக் கெடவில்லை. அதற்காக அந்த நிரலை எழுதியவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்? யாரும் தொடாமல் அது பாட்டுக்கு ஓர் ஓரத்தில் கிடக்கட்டுமே என்று தோன்றும். கெர்னலில் அப்படி எதுவும் சும்மா கிடப்பதில்லை. உள்ளே இருக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்று மாறினால், அதைச் சார்ந்த ஒவ்வொரு பகுதியையும் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். பயனர் ஒருவரும் இல்லாத பகுதியும் இதில் அடக்கம். மாற்றியது சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க அந்தப் பழைய சாதனம் கையில் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு தையல் போடுவது போன்ற வேலை அது.

இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு 386 என்ற பழைய இன்டெல் பிராசஸர். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான். ஆனால் பின்னாளில் வந்த பிராசஸர்களில் இருந்த ஒரு கட்டளை அதில் கிடையாது. நினைவகத்தில் ஓர் எண் இருக்கிறது. அது இன்னும் ஐந்தாகவே இருந்தால் ஆறாக மாற்று, இல்லையென்றால் விட்டுவிடு என்பதுதான் அந்தக் கட்டளை. பார்ப்பதும் மாற்றுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வேலை புகுந்துவிட்டால், ஒரே இருக்கைக்கு இரண்டு டிக்கெட் கொடுத்த கதையாகிவிடும். இந்தக் கட்டளை 486இல்தான் வந்தது. 386இல் அதே வேலையைக் கெர்னல் சுற்றுவழியில் செய்ய வேண்டியிருந்தது. இன்னொரு குறையும் இருந்தது. 'இங்கே எழுதாதே' என்று பூட்டப்பட்ட நினைவகப் பக்கத்தில், கெர்னல் தானே எழுதும்போது 386 அந்தப் பூட்டை மதிக்காது. ஆகவே பயனரின் நினைவகத்தில் எழுதும் ஒவ்வொரு முறையும் கெர்னல் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பல பிராசஸர்கள் சேர்ந்து இயங்குவதற்கான அடிப்படைகளைத் திருத்த நினைத்தபோதெல்லாம் இந்தக் கிழவருக்காக ஒரு தனி வழி வெட்ட வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் அந்த நிரலை நீக்கும் மாற்றத்தை அனுப்பினார். தான் லினக்ஸை எழுதத் தொடங்கிய கணினியின் வகை அது என்று தெரிந்தும் டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். 2013இல் வந்த லினக்ஸ் 3.8இல் 386 இல்லை.

பாதுகாப்பும் ஒரு காரணம். டி.சி.சி.பி. என்றொரு வலையமைப்பு நெறிமுறை 2005இல் கெர்னலுக்குள் வந்தது. பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். அதில் இருந்த ஒரு பிழையை வைத்து, கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். யாரும் போகாத அந்த அறையின் கதவு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் திறந்தே கிடந்திருக்கிறது. 2025இல் லினக்ஸ் 6.16 வந்தபோது அந்த அறையையே இடித்துவிட்டார்கள்.

ஆக, எடுப்பது நியாயம்தான். அழிப்பதும் எளிது, கணினியில் ஒரு கட்டளை போதும். கடினமான பகுதி வேறு. இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லினக்ஸை இறக்கிக்கொள்பவர்கள் யாரிடமும் பெயர் பதிவதில்லை. கெர்னல் யாரையும் வேவு பார்த்து ஊருக்கு அறிக்கை அனுப்புவதும் இல்லை. அந்த நல்ல குணமே இங்கே சிக்கலாகிறது.

ஆகவே தடயம் தேடுகிறார்கள். கெர்னலில் பராமரிப்பாளர் பட்டியல் என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்தப் பகுதியை யார் கவனிக்கிறார்கள் என்று அது சொல்லும். கவனிக்க ஆள் இல்லாத பகுதிக்கு 'அநாதை' என்று குறி போடுவார்கள். பிறகு அந்தப் பகுதியின் மாற்ற வரலாற்றைப் புரட்டுவார்கள். பல ஆண்டுகளாக அதைத் தொட்டவை எல்லாம் கெர்னல் முழுவதையும் பெருக்கிச் சுத்தம் செய்த பொது மாற்றங்கள் மட்டும்தானா? உண்மையான பயனர் ஒருவர் சொல்லித் திருத்திய பிழை ஏதாவது உண்டா? இவற்றையெல்லாம்விட உறுதியான தடயம் ஒன்று இருக்கிறது. ஒரு பகுதி உடைந்துபோய் ஆண்டுகள் பல ஆகியும் ஒருவர்கூட முறையிடவில்லை என்றால், அங்கே ஆள் இல்லை என்று ஏறத்தாழ முடிவுகட்டிவிடலாம்.

ஏறத்தாழ என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் தடயம் பொய்த்ததும் உண்டு. 2019இல் பிளாப்பி டிஸ்க் டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் நிரல், அநாதை ஆனது. வேலை செய்யும் பிளாப்பி சாதனமே கிடைப்பது அரிது என்ற நிலை. ஆனால் ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர்க் கணினிகள் பிளாப்பியைப் போலி செய்து பயன்படுத்திக்கொண்டிருந்தன. ஒருவர் முன்வந்து அந்த டிரைவரின் பொறுப்பை ஏற்றார். எச்8/300 என்ற பிராசஸருக்கான நிரல் 2013இல் நீக்கப்பட்டு, 2015இல் மறுபடி உள்ளே வந்து, 2022இல் இரண்டாம் முறையாக வெளியேறியது.

ஒரு காலத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணைக் கோப்பு கெர்னலோடு சேர்ந்து வந்தது. நீக்கப்போவது என்ன, எப்போது, ஏன், யார் பொறுப்பு என்று வரிசையாக எழுதியிருக்கும். சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் டெவ்எஃப்எஸ் என்ற பகுதி 2005 ஜூலையில் போகும் என்று அதில் இருந்தது. உண்மையில் முழுதாகப் போனது 2006இல், லினக்ஸ் 2.6.18இல். நல்ல எண்ணத்தில் பிறந்த கோப்புதான். ஆனால் யார் அதைப் படிப்பார்கள்? நிரல் எழுதுபவர்கள் படிப்பார்கள். பழைய வசதியை நம்பி இருப்பவர்கள் பெரும்பாலும் நிரல் எழுதுபவர்கள் அல்லர். 2012இல் டோர்வால்ட்ஸ் அந்த நீக்கல் அட்டவணையையே நீக்கிவிட்டார்.

அறிவித்தால் போதாது என்பதைத் தென்னாப்பிரிக்காவில் நாம் தொலைக்காட்சியில் கண்டோம். பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தப் பன்னாட்டு உடன்பாட்டில் குறிக்கப்பட்ட நாள் 2015 ஜூன் 17. அது போனது, அதன்பின் குறித்த நாட்களும் போயின. 2025 மார்ச் 31 என்ற நாளை நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. காரணம் எளிமையானது. புதிய ஒளிபரப்பைப் பிடிக்கும் பெட்டி இல்லாத வீடுகள் ஏராளம். அந்த வீடுகளுக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்திருந்தது, பெட்டிதான் போகவில்லை.

குரல் உள்ளவர்களுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு, பழைய வகையான 32 பிட் மென்பொருள்களை அடுத்த பதிப்போடு கைவிடப்போவதாக 2019 ஜூனில் அறிவித்தது. கணினி விளையாட்டுக்காரர்களும், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டுபவர்களும் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே தேவையான பகுதிகளை வைத்துக்கொள்வதாக முடிவு மாறியது. இது கெர்னல் விவகாரம் இல்லை என்றாலும் பாடம் பொருந்தும். சத்தம் போட்டவர்களின் தேவை பிழைத்தது. எங்கள் தாத்தாவுக்கு அப்படி எங்கே போய்ச் சத்தம் போடுவது என்றே தெரியாது.

ரைசரை நீக்கிய விதத்தைப் பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அவசரப்பட்டுச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் பேச்சு எழுந்தது. இன்னும் பயன்படுத்துகிறோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதனால் மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்து, 2025 என்று நாள் குறித்தார்கள். கெர்னலைக் கட்டமைக்கும்போது தோன்றும் குறிப்பில், வேறு கோப்பு முறைமைக்கு மாறுங்கள், அல்லது எதற்காக இதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எங்களிடம் சொல்லுங்கள் என்று எழுதினார்கள். அந்த இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 6.13இல் ரைசர் இல்லை. அதற்கு முந்தைய 6.12 நீண்டகாலம் பராமரிக்கப்படும் பதிப்பு என்பதால், விரும்பியவர்கள் அதிலேயே இன்னும் சில காலம் இருக்கலாம்.

தாத்தா கேட்டாரே, நம்மிடம் கேட்டார்களா என்று. திறந்துகொண்ட சிஸ்டம் டிஸ்க்கில் கணினியின் பதிவேட்டைத் தேடினேன். பழைய கணினி என்றாலும் அதன் லினக்ஸை அவ்வப்போது புதுப்பித்து வந்தோம். டிஸ்க்கை மட்டும் யாரும் தொடவில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் கணினி தொடங்கிய நேரத்துக்கு அருகில் ஒரே வரி இருந்தது. ரைசர் கோப்பு முறைமை கைவிடப்படுகிறது, 2025இல் கெர்னலிலிருந்து நீக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. பக்கம் பக்கமாக அதே வரி. தாத்தா ஒவ்வொரு காலையும் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் கணினி அவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அவர் பார்க்காத ஓரிடத்தில்.

தவறு யாருடையது என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு நீக்கத் திட்டத்தின் தரத்தை எதை வைத்து அளப்பேன் என்று கேட்டால், பயனருக்குத் தெரியாமலே அவரை அக்கரை சேர்த்துவிடுகிறதா என்றுதான் பார்ப்பேன். அதற்கும் அதே டிஸ்க்கில் சான்று இருக்கிறது. அது பட்டையான கேபிள் கொண்ட ஐ.டி.இ. வகை. அந்த வகை டிஸ்க்குகளுக்கான பழைய டிரைவர்களை 2021இல், லினக்ஸ் 5.14இல், மொத்தமாக நீக்கினார்கள். சங்கத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. ஏனென்றால் புதிய டிரைவர் தொகுப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து, அதே டிஸ்க்குகளை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. ரைசருக்கு அப்படி ஒரு வாரிசு வாய்க்கவில்லை. பயனரே தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு வீடு மாற வேண்டியிருந்தது.

என் மேசை இழுப்பறையில் 2021இல் செய்து வைத்த ஒரு லினக்ஸ் பென் டிரைவ் கிடந்தது. அதிலிருந்து மடிக்கணினியைத் தொடங்கினேன். டிஸ்க்கில் எதையும் எழுதாதபடி, படிக்க மட்டும் என்று திறந்தேன். கோப்புகளின் பட்டியல் வந்தது. தாத்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் அக்கா பாடிய தாலாட்டைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டு முடித்த பிறகே எக்ஸ்ட்4 என்ற இன்றைய கோப்பு முறைமையில் அமைத்த இரண்டு புதிய டிஸ்க்குகளுக்கு எல்லாவற்றையும் நகலெடுக்கத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அந்தப் பென் டிரைவோடு மற்றச் சங்கங்களுக்கும் கோயில் அலுவலகங்களுக்கும் போய்வருகிறேன். சென்ற வாரம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு பஜனைக் குழுவின் பழைய டிஸ்க்கைப் பார்த்தேன். எக்ஸ்ட்4க்கு முந்தைய எக்ஸ்ட்3. அதற்கான தனி நிரலைக் கெர்னலிலிருந்து 2015இலேயே எடுத்துவிட்டார்கள். பென் டிரைவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு டிஸ்க்கை என் மடிக்கணினியில் செருகினேன். எக்ஸ்ட்4க்கான நிரல் அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டு நொடியில் திறந்தது. காபி கொண்டுவந்த அக்கா, "ஏதாவது பழுதா?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை அக்கா, எல்லாம் இருக்கிறது" என்றேன்.