ஒகினாவாவுக்குக் கராத்தே பயிற்சிக்குப் போகிறீர்களா? முதல் வாரம் ரொம்பக் கவனம்

நான் பிசியோதெரபிஸ்ட், கோஜு-ரியு கராத்தேயும் பழகுகிறேன், அதனால் கராத்தேக்காரர்களுக்கு அடிபட்டால் பலரும் என்னிடம்தான் வருவார்கள். கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவுக்குப் போய் இரண்டு வாரம் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: முதல் இரண்டு மூன்று நாளிலேயே உடம்பு முடங்கிவிட்டது, மிச்ச நாட்களை வலி மாத்திரை போட்டு ஓட்டினோம் என்று. காசு சேர்த்து, லீவு கேட்டு, கனவு கண்டு போன பயணம் இப்படி ஆவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் முக்கால்வாசி தவிர்க்கக்கூடியது.

கோஜு-ரியு அவசரத்துக்கான பாணியே இல்லை. சீனாவின் ஃபூஜோவில் கற்றுத் திரும்பிய ஹிகாவொன்னா கான்ரியோவிடம் ஒகினாவாவின் நாஹா நகரில் படித்தவர் மியாகி சோஜுன் (1888–1953). இந்தப் பாணிக்கு உருவம் கொடுத்தவர் அவர்தான். ஹிகாவொன்னா புதிதாக வருகிறவர்களுக்கு வருடக்கணக்கில் சான்சின் என்ற ஒரே கட்டாவைத்தான் (வரிசையாக அமைத்த அசைவுகளின் தொகுப்பு) சொல்லிக்கொடுப்பார் என்பார்கள். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று மியாகி கெகிசாய் கட்டாக்களை அமைத்ததே 1940-இல்தான். மூட்டும் தசைநாரும் பழகுவதற்கு இவ்வளவு காலம் கொடுத்த மரபு இது. நாம் என்ன செய்கிறோம்? கையில் பதினாலு நாள் இருக்கிறது என்று காலையில் ஒரு டோஜோ (பயிற்சிக் கூடம்), மாலையில் இன்னொன்று, நடுவில் சி-இஷி (கைப்பிடி வைத்த கல் எடை), நிகிரி-காமே (விளிம்பைப் பிடித்துத் தூக்கும் ஜாடி) என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடத் துடிக்கிறோம்.

இதில் எனக்குப் பெரிய பயம் ராப்டோமயோலிசிஸ். பழக்கமில்லாத அளவுக்கு, அதுவும் வெயிலில், ஒரேயடியாகத் தொடைக்கோ தோளுக்கோ வேலை கொடுத்தால் தசை நார்கள் உடைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாதாரணத் தசைவலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். கை கால் வீங்கி, தொட்டாலே தாங்க முடியாத வலி, படியேற முடியாத பலவீனம், சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போகிறது என்றால் "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119. இன்னொன்று, அந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை விழுங்கிவிட்டு மறுபடி பயிற்சிக்குப் போவது மிக மோசம். தண்ணீர் வற்றிய உடம்பில் அதுவும் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும்.

ஒகினாவாவின் கோடை புழுக்கம் நிறைந்தது, வியர்வை காயவே காயாது. உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதாவது உங்கள் பயணம் முடிகிற நேரம்! அதனால் முதல் நான்கைந்து நாள் பாதி அளவு பயிற்சி போதும், தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் உள்ளே போகட்டும்.

அப்புறம் சான்சின். உடம்பு முழுவதையும் இறுக்கி, சத்தத்தோடு மூச்சு விட்டுச் செய்யும் கட்டா இது, சென்செய் (ஆசிரியர்) தோளிலும் தொடையிலும் தட்டி இறுக்கத்தைச் சோதிப்பார். அந்தத் தட்டு விழும் நொடியில் பலர் மூச்சை அடக்கிவிடுகிறார்கள், அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். பிபி, குடலிறக்கம், கிளாக்கோமா இருப்பவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள், சென்செய்யிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்தவரை மூத்த ஆசிரியர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவதில்லை, பயிற்சியை மாற்றிக் கொடுக்கிறார்கள். முன்கைகளை மோதிக்கொள்ளும் பயிற்சிக்கும் இதே பேச்சுதான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதில் இறங்கவே வேண்டாம்.

மக்கிவாராவில் (குத்திப் பழகும் கம்பம்) ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் பட வேண்டும், சுண்டுவிரல் பக்கம் பட்டால் உள்ளங்கை எலும்பு உடையும். தோல் கிழிந்தால் உடனே நிறுத்துங்கள், உங்கள் ரத்தம் பட்ட இடத்தில்தான் அடுத்தவரும் குத்தப்போகிறார். குழந்தைகளைக் கூட்டிப்போகும் பெற்றோருக்குத் தனியாகச் சொல்கிறேன்: கை எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் பதின்ம வயதில்தான் மூடும், அதுவரை பிள்ளைகளை மக்கிவாராவில் பலமாகக் குத்த விடாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

எந்த டோஜோவுக்குப் போவது என்று தெரியாமல் போய் நிற்க வேண்டாம். நாஹாவை ஒட்டிய தோமிகுசுகுவில் 2017-இல் திறந்த ஒகினாவா கராத்தே கைகான் இருக்கிறது, வெளிநாட்டவருக்கு டோஜோ தேட உதவும் தகவல் மையமும் அங்கேயே உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், உங்கள் வயது, பழைய காயம், எத்தனை வருடப் பயிற்சி எல்லாவற்றையும் அதில் குறிப்பிடுங்கள். டிக்கெட்டோடு எடுக்கிற பயணக் காப்பீட்டில் தற்காப்புக் கலைக் காயங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று பொடி எழுத்துவரை படித்துவிடுங்கள், பல பாலிசிகளில் இருக்கிறது.