குணமானவருக்கு ஒரு வாடகை வீடு

நம் தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து மகனையோ மகளையோ மனநலப் பிரிவுக்குக் கூட்டிவரும் அம்மாக்களில் பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. மற்ற பிள்ளைகள் ஓசூரில் கம்பெனி வேலையிலோ பெங்களூரில் கட்டட வேலையிலோ இருப்பார்கள். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தயங்கி நின்று கேட்பார்கள்: "நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்குவேன் சார். எனக்கப்புறம் இவன யாரு பாப்பாங்க? ஏதாச்சும் ஹோம்ல சேத்துடலாமா?"

இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவோ, மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் இருதுருவ நோயோ வந்து, மருந்தில் நிலையாக இருக்கும் பலருக்கு, பூட்டிய கேட்டுக்குள் ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்குள் ஒரு சாதாரண வாடகை வீடும், தேவைப்பட்ட நேரத்தில் உதவிக்கு ஓர் ஆளும் போதும் என்பது மனநலச் சமூகப் பணியாளராக என் உறுதியான கருத்து.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு கருகி 28 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. சட்டமும் பூட்டிவைப்பதை ஏற்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. ஆதரவோடு கூடிய தங்குமிடங்களை ஏற்படுத்துவது அரசின் பொறுப்பு என்கிறது 18-ஆம் பிரிவு. சென்னையில் 1993-இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, திரும்பிப் போக இடமில்லாதவர்களை நாலைந்து பேராக வாடகை வீடுகளில் குடிவைத்து, இது நடக்கக்கூடியதுதான் என்று காட்டியிருக்கிறது.

அப்படி ஒரு வீட்டில் என்ன நடக்கும்? முதலில் எழுந்தவர் டீ போடுவார். களி கிண்டத் தெரிந்தவர் கிண்டுவார், தெரியாதவர் பாத்திரம் கழுவுவார். டிவிக்குச் சண்டை வரும். உதவியாளர் அங்கே வார்டன் கிடையாது. வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்துவைக்க உதவுவார். மாத்திரை மறப்பவர்களை மாதாந்திர ஊசிக்கு அழைத்துப்போவார். குளோசபின் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுபவருக்கு ரத்தப் பரிசோதனை தவறாமல் பார்த்துக்கொள்வார். யாராவது தொடர்ந்து இரண்டு ராத்திரி தூங்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுவார். நோய் திரும்பும்போது பலருக்கு முதலில் கெடுவது தூக்கம்தான்.

பல வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த ஓர் அக்காவோடு மளிகைக்கடைக்குப் போயிருந்தேன். கையில் காசை வைத்துக்கொண்டு, "எந்த சோப்பு வாங்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அத்தனை வருஷமும் கொடுத்த சோப்பில்தான் குளித்திருக்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். கடைக்காரர் பொறுமையாக நின்றார். கடைசியில் சந்தன சோப்பு எடுத்துக்கொண்டார். எந்த வார்டிலும் இந்தப் பயிற்சியைக் கொடுக்க முடியாது.

வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. "நைட்ல கத்துவாங்களா? யாரையாச்சும் அடிச்சிட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிட, பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதுமே அதிகம் என்பதை எடுத்துச் சொல்லுவோம். ராத்திரி எந்த நேரத்திலும் எடுக்கிற ஒரு போன் நம்பரைக் கொடுப்போம். ஒப்பந்தத்தை வீட்டை நடத்தும் அமைப்பின் பேரில் போடுவோம். அதன்பிறகு மாதாமாதம் சொன்ன தேதியில் போய்ச்சேரும் வாடகைதான் எந்த விழிப்புணர்வுக் கூட்டத்தையும்விட அவர் மனதை மாற்றுகிறது.

நம் மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட வீடுகள் நிறைய வேண்டும். அதுவரை குடும்பங்கள் கையோடு செய்யக்கூடியவை சில உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நோயுள்ளவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்டு விண்ணப்பியுங்கள். அவர் பேரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை அவரே முடிவு செய்து, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். அந்த நியமனப் பிரதிநிதி சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சம்மதிக்கிற பக்கத்துவீட்டு அண்ணனாகவும் இருக்கலாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது பஸ் டிக்கெட்டையும் ஓ.பி. சீட்டையும் சிகிச்சை பெறுபவரையே வாங்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மனாஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.